ஊர் திரும்ப எத்தனை முத்திரை?

ராமேசுவரத்திலிருந்து விசைப்படகில் போய் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் மீனவரிடம் பெரும்பாலும் பாஸ்போர்ட் என்ற ஒன்றே இருப்பதில்லை. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ நீதிமன்றம் விடுவித்த பிறகு, கொழும்பை அடுத்த மிரிஹானா முகாமில் காத்திருந்து, ஒருநாள் சென்னை விமானத்தில் ஏறுகிறார். பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். கையில் இருப்பது இந்தியத் தூதரகம் கொடுத்த ஒரு காகிதம். அதன் பெயர் அவசரச் சான்றிதழ். சென்னை விமான நிலையத்தில் மீன்வளத் துறையினர் காத்திருந்து, வேன் ஏற்றி ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். மாதம் தவறாமல் படிக்கிற செய்தி என்பதால் அதிலுள்ள வியப்பு நமக்கு உறைப்பதில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தே இராத ஒருவரை, பாஸ்போர்ட் பதிவேட்டில் பெயரே இல்லாத ஒருவரை, 'இவர் எங்கள் ஆள்' என்று அரசு ஏற்று அழைத்துவருகிறது. அவருடைய ஊர், படகின் பதிவு எண், மீனவர் அடையாள அட்டை எல்லாம் மாநில அரசிடம் இருக்கின்றன. சரிபார்க்கும் வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

அதே அரசின் இன்னொரு முகம் ரியாத்தில், குவைத்தில், கோலாலம்பூரில் தெரியும். பாஸ்போர்ட் இல்லாமல் தூதரக வாசலில் நிற்கிற தொழிலாளி, ஒருகாலத்தில் திருச்சியிலோ மதுரையிலோ பாஸ்போர்ட் சேவா மையத்தில் பத்து விரல்களையும் பதித்தவர். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர். போலீஸ் விசாரணை முடிந்து, தபால்காரர் கையால் பாஸ்போர்ட் வாங்கியவர். அவரைப் பற்றிய அத்தனை விவரமும் அரசின் கணினியில் இருக்கிறது. ஆனாலும் பழைய பாஸ்போர்ட்டின் நகல் இருக்கிறதா, எண் நினைவிருக்கிறதா, இந்தியர் என்று காட்ட வேறு என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதில்தான் பேச்சு தொடங்குகிறது. பதிவேட்டில் இல்லாதவருக்காக அரசே சாட்சி சொல்கிறது. பதிவேட்டில் இருப்பவர் தன் சாட்சியைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மீனவர்களும் முகாமில் நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள், அது சொகுசான ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஆனால் தான் இந்தியன் என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் ஏற்றப்படுவதில்லை.

இந்த அவசரச் சான்றிதழ் எந்த அதிகாரியும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை பாஸ்போர்ட்டைக் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பமாக இருந்தது. தீர்ப்பின் விளைவாக அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அதன் 4ஆம் பிரிவு, சாதாரண பாஸ்போர்ட், அலுவல் பாஸ்போர்ட், ராஜீய பாஸ்போர்ட் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பயண ஆவணங்களைப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது, ஒருவர் இந்தியாவுக்குள் நுழைய அதிகாரமளிக்கும் அவசரச் சான்றிதழ். 6ஆம் பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காகப் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று சொல்கிறது. அந்தக் காரணங்கள் எல்லாம் அயல்நாட்டுக்குப் போவதற்கான ஆவணத்தைப் பற்றியவை. சொந்த நாட்டுக்குத் திரும்புவதை மறுக்க அங்கே காரணம் எதுவும் எழுதப்படவில்லை. தன் நாட்டுக்குள் நுழையும் உரிமையை ஒருவரிடமிருந்து தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்று சொல்லும் சர்வதேச குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1979இலேயே இந்தியா சேர்ந்துவிட்டது.

வளைகுடாவில் இதை யாரும் அவசரச் சான்றிதழ் என்று சொல்வதில்லை. அவுட்பாஸ் என்பார்கள், சிலர் வெள்ளை பாஸ்போர்ட் என்பார்கள். ஒரே ஒரு பயணத்துக்கு, அதுவும் இந்தியாவுக்கு மட்டும் செல்லும். இந்திய விமான நிலையத்தில் இறங்கியதும் குடியேற்ற அதிகாரி அதை வாங்கி வைத்துக்கொள்வார். அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

அவுட்பாஸ் கேட்டு வருகிறவர்கள் இரண்டு வகை. பாங்காக் சந்தையிலோ பாரிஸ் மெட்ரோவிலோ கைப்பையைப் பறிகொடுத்த சுற்றுலாப் பயணியின் கதை கொஞ்சம் அலைச்சலோடு முடிந்துவிடும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்க வேண்டும். இந்தியத் தூதரகத்துக்கான விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, புகார் நகல், படங்கள், பழைய பாஸ்போர்ட்டின் நகல், எப்படித் தொலைந்தது என்ற உறுதிமொழி ஆகியவற்றோடு நேரில் போக வேண்டும். நகல் கையில் இருந்தால் வேலை எளிது. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். செல்போனில் மட்டும் வைத்திருந்தால், பையோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

பலர் தடுக்கி விழுவது மூன்றாவது படியில். தூதரகம் காகிதம் கொடுத்துவிட்டதே என்று நேராக விமான நிலையத்துக்குப் போகிறார்கள். அந்த நாட்டுக்குள் எப்போது, எந்த விசாவில் வந்தார்கள் என்பதைக் காட்டும் முத்திரை தொலைந்துபோன பாஸ்போர்ட்டில் அல்லவா இருந்தது? அதனால் அந்த நாட்டுக் குடியேற்றத் துறையிடமும் போய்வர வேண்டும். பாங்காக்கில் சேங் வத்தனா சாலையிலுள்ள குடியேற்ற அலுவலகத்தில் நுழைவு விவரத்தைப் புதிய ஆவணத்தில் பதியவைக்க வேண்டும். மலேசியாவில் குடியேற்றத் துறையிடம் ஸ்பெஷல் பாஸ் வாங்க வேண்டும். விமானம் சனிக்கிழமை இரவு, அலுவலகம் திறப்பது திங்கள்கிழமை என்றால் டிக்கெட் வீண். டிக்கெட் எடுக்கும்போதும் கவனம் தேவை. மூன்றாவது நாட்டில் விமானம் மாறுகிற பயணத்தில் இந்தக் காகிதத்தை அந்த நாடு ஏற்குமா என்று விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. நேரடி விமானம் இருந்தால் நிம்மதி.

இன்னொன்று. புகார் கொடுத்த பிறகு பழைய பாஸ்போர்ட் ஹோட்டல் அறைக் கட்டிலுக்கடியில் கிடைத்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அது ரத்தாகி, அதன் எண் இன்டர்போலின் பட்டியலுக்குப் போயிருக்கலாம். களவுபோன, தொலைந்த பயண ஆவணங்களுக்கான அந்தத் தரவுத்தளம் 2002இல் தொடங்கப்பட்டது. 2014 மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370இல் இருவர் களவுபோன இத்தாலிய, ஆஸ்திரிய பாஸ்போர்ட்டுகளில் பயணித்திருந்தார்கள். தாய்லாந்தில் திருடப்பட்ட அந்த இரண்டும் இன்டர்போலின் பட்டியலில் இருந்தன. ஏறும்போது யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. விமானம் மறைந்ததற்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்றே விசாரணையாளர்கள் கருதினர். ஆனால் அதன் பிறகு அந்தப் பட்டியலைப் பார்க்காமல் விடும் துணிச்சல் பல நாடுகளுக்கு இல்லை.

அயல்நாட்டில் படிக்கிற, விசாவோடு வேலை செய்கிற பிள்ளைகள் செய்கிற தவறும் ஒன்று உண்டு. பதற்றத்தில் அவசரச் சான்றிதழ் வாங்கி ஊர் வந்துவிடுகிறார்கள். வந்த பிறகுதான் திரும்பிப் போக புதுப் பாஸ்போர்ட், புது விசா எல்லாமே முதலிலிருந்து என்று தெரிகிறது. அங்கேயே தங்கியிருந்து மாற்றுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதுதான் அவர்களுக்கு வழி. வீட்டில் சாவு, உயிருக்குப் போராடும் தாய் என்றால் வேறு கதை. பிரிட்டன் தன் குடிமக்களுக்குக் கொடுக்கும் அவசரப் பயண ஆவணத்தில் ஐந்து நாடுகள் வரை கடந்து போகலாம். அமெரிக்கா ஓராண்டு வரை செல்லும் அவசரப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கிறது. குறுகிய காலப் பாஸ்போர்ட் கொடுக்க நம் தூதரகங்களுக்கும் அதிகாரம் உண்டு. அதை இன்னும் தாராளமாகக் கொடுத்தால் இந்தப் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் பிழைக்கும்.

இவர்கள் எல்லோரும் பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்கள். தொலைப்பதற்குக்கூடக் கையில் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இரண்டாவது வகை. அவர்களின் கதை வேறு.

வளைகுடாவில் இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டைக் கம்பெனி ஆளிடம் கொடுத்துவிடுவது நம் தொழிலாளர்களுக்குச் சடங்குபோல ஆகிவிட்டது. இகாமா என்ற குடியிருப்பு அனுமதி அட்டை அடிக்க வேண்டும் என்று வாங்குவார்கள். இகாமா வரும், பாஸ்போர்ட் வராது. கேட்டால், "எங்கே ஓடப்போற? பத்திரமாத்தான் இருக்கு" என்பார் மேற்பார்வையாளர். அவர் பெரும்பாலும் நம் நாட்டுக்காரராகவே இருப்பார் என்பது இதிலுள்ள கூடுதல் கசப்பு. அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பது கட்டாய உழைப்பின் பதினோரு அடையாளங்களில் ஒன்று என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்திருக்கிறது. கத்தாரின் 2015ஆம் ஆண்டுச் சட்டம், பாஸ்போர்ட்டைத் திருப்பித் தராத முதலாளிக்கு 25,000 ரியால் வரை அபராதம் விதிக்கிறது. சவுதியிலும் அமீரகத்திலும் குவைத்திலும்கூட இது தடைசெய்யப்பட்டதுதான். நம் சட்டத்தைப் பார்த்தாலோ, 17ஆம் பிரிவின்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை முடக்கிவைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே உண்டு, காவல் துறைக்கோ நீதிமன்றத்துக்கோகூட இல்லை என்று சுரேஷ் நந்தா வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியக் காவல் துறைக்கே இல்லாத அதிகாரத்தை தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கணக்கர், மேசை இழுப்பறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வதன் மூலம் எடுத்துக்கொள்கிறார்.

சம்பளம் வராமல், அடி பொறுக்காமல் ஒருநாள் அந்தத் தொழிலாளி வெளியேறுகிறார். உடனே கபீல் எனப்படும் முதலாளி அவர்மீது 'ஹுரூப்' போடுகிறார், அதாவது ஓடிப்போனவர் என்று அரசிடம் பதிகிறார். இகாமா செல்லாது. அன்றிலிருந்து அவர் 'கல்லிவல்லி', காகிதம் இல்லாத ஆள். எங்கேனும் கூலி வேலை செய்துகொண்டு, போலீஸ் வண்டியைக் கண்டால் சந்துக்குள் ஒதுங்கிக்கொண்டு வாழ வேண்டும். தூதரகத்துக்குப் போகலாமே என்றால், தபூக்கிலிருந்து ஜித்தா துணைத் தூதரகத்துக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். வழியெல்லாம் சோதனைச் சாவடி. இகாமா இல்லாமல் எந்தப் பேருந்தில் ஏறுவது? தூதரகத்தார் அவ்வப்போது தொலைவான ஊர்களில் முகாம் போடுகிறார்கள். அந்தத் தேதி ஒட்டகப் பண்ணையில் இருப்பவர் காதுக்கு எட்டினால் அது அவருடைய அதிர்ஷ்டம்.

எப்படியோ போய்ச் சேர்ந்து அவுட்பாஸ் வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கதை அங்கே பாதிதான் முடிகிறது. அவுட்பாஸ் நம் வீட்டுக் கதவைத்தான் திறக்கும்; அவர் அடைபட்டுக் கிடக்கும் வீட்டின் பூட்டு வேறொருவர் கையில் இருக்கிறது. சவுதியிலிருந்து வெளியேற 'எக்சிட்' அடிக்க வேண்டும். ஹுரூப் இருந்தால் தொழிலாளர் அலுவலகம், ஜவாசாத் என்ற பாஸ்போர்ட் துறை, தர்ஹீல் என்ற நாடுகடத்தல் மையம் என்று நடக்க வேண்டும். கம்பெனி வழக்குப் போட்டிருந்தால் அது முடிய வேண்டும். போக்குவரத்து அபராதமோ வங்கிக் கடனோ இருந்தால் அதையும் தீர்க்க வேண்டும். 2021 மார்ச்சில் சவுதி கொண்டுவந்த சீர்திருத்தத்தின்படி, முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே தொழிலாளி வெளியேற விண்ணப்பிக்கலாம். நல்ல மாற்றம். ஆனால் வீட்டு வேலை செய்வோர், வீட்டு டிரைவர்கள், ஆடு மேய்ப்போர், தோட்டக்காரர், பண்ணையாள் ஆகியோருக்கு அது பொருந்தவில்லை. ஊரில் காணியை விற்றோ நகையை அடகுவைத்தோ 'ஹவுஸ் டிரைவர்' விசாவில் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பது தஞ்சை, ராமநாதபுரம், பெரம்பலூர்க் கிராமங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இதில் தூதரகத்தை மட்டும் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அடுத்த நாட்டின் சட்டத்துக்குள் நம் தூதரால் ஓர் எல்லைக்கு மேல் நுழைய முடியாது. ஆனால் தன் கையில் இருக்கிற பாதியை, குடியுரிமைச் சரிபார்ப்பு என்ற பாதியை, அரசு ஏன் இவ்வளவு மெதுவாகச் செய்கிறது? நகல் இல்லாதவர், எண் தெரியாதவர், ஏஜென்ட் வாங்கிக் கொடுத்த பாஸ்போர்ட்டில் போனவர் என்றால் விவரங்கள் இந்தியாவுக்கு வரும். மாவட்டக் காவல் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து உள்ளூர் காவல் நிலையம், கிராம நிர்வாக அலுவலர். தொழிலாளியின் மனைவி ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு நடப்பார். எழுத்தர் விடுப்பில் இருப்பார். வாரங்கள் ஓடும், சிலருக்கு மாதங்கள்.

நம் பெயர்கள் வேறு குறுக்கே நிற்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்து உண்டு. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரைச் சேர்ப்பார்கள், அல்லது அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவார்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் வரும் பயணிகளை ஏற்க முடியாது என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தபோது அதிகம் பதறியது தென்னிந்தியர்கள்தான். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகே வந்தது. இகாமாவில் பெயர் அரபியில் எழுதப்படும். அரபியில் 'ப'வின் வல்லொலியும் கிடையாது, 'ழ'வும் கிடையாது. பழனியப்பன் அங்கே வேறு ஆளாகிவிடுவார். அரபியிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு வரும்போது மூன்றாவது ஆளாக வந்து நிற்பார். இகாமா எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவரின் பெயரைக் கணினியில் தட்டி, 'பதிவு இல்லை' என்று திருப்பி அனுப்புவது குமாஸ்தாவுக்கு எளிது. பத்து விரல்களைக் கணினியில் தேடச் சொன்னால் இந்தக் குழப்பம் எதுவும் வராது. கைரேகைக்கு முன்னெழுத்து கிடையாது.

தேடுவதற்கான வசதியும் இருக்கிறது. பாஸ்போர்ட் சேவா திட்டம் 2010இல் சோதனையாகத் தொடங்கி நாடு முழுதும் பரவியது. வெளிநாட்டுத் தூதரகங்களை அதே கணினி வலையோடு இணைக்கும் வேலை 2018 இறுதியில் லண்டனில் தொடங்கியது. இன்று வெளிநாட்டில் இருக்கும் உழைப்பாளர்களில் பெரும் பகுதியினர் இந்தத் திட்டம் வந்த பிறகு பாஸ்போர்ட் எடுத்தவர்கள். தூதரகக் கவுன்ட்டரில் கைரேகைக் கருவி ஒன்றை வைத்து, பழைய பதிவோடு ஒப்பிட்டு, பொருந்தினால் அன்றைக்கே அவுட்பாஸ் அடித்துக் கொடுப்பதற்கு விண்வெளித் தொழில்நுட்பம் தேவையில்லை. ரேஷன் கடையில் அரிசி வாங்கவே விரல் வைக்கச் சொல்கிற அரசு இது.

அதிகாரிகள் சொல்லும் மறுப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பாஸ்போர்ட்டைத் தொலைத்ததாகச் சொல்லி விற்றவர்கள் உண்டு. தடை முத்திரையை மறைக்கக் கிழித்துப் போட்டவர்கள் உண்டு. அடுத்த நாட்டுக்காரர் இந்தியர் என்று சொல்லிக்கொண்டு வரிசையில் நிற்பதும் உண்டு. அவுட்பாஸ் வாங்கித் தருவதாகப் பணம் பிடுங்கும் தரகர்கள் தூதரக வாசலிலேயே நிற்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் அஞ்சித்தான் சரிபார்ப்பு வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தைவிடக் கைரேகையை ஏமாற்றுவது கடினம். தரகர் பிழைப்பதே தாமதத்தால்தான். ஒரே நாளில் கிடைக்கும் காகிதத்துக்கு யார் கமிஷன் கொடுப்பார்கள்? விரல்பதிவு பொருந்தாதவர்களுக்கும், பழைய கையெழுத்துப் பாஸ்போர்ட்டுக்காரர்களுக்கும் மட்டும் ஊர் விசாரணையை வைத்துக்கொள்ளட்டும்.

அரசு நினைத்தால் வேகமாகச் செய்யும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் நுழைந்தபோது, ஜோர்டானின் அம்மான் வழியாக ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை 488 விமானங்களில் அழைத்துவந்தோம். பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். காகிதம் இல்லாதவர்களுக்கும் விமானத்தில் இடம் கிடைத்தது. மியான்மரின் மியாவடி பக்கம் இணைய மோசடிக் கூடாரங்களில் சிக்கிய நம் இளைஞர்களில் பலரது பாஸ்போர்ட்டும் அந்தக் கும்பல்களிடம்தான் இருந்தது. 2025 மார்ச்சில் அங்கிருந்து மீட்கப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்கள், தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து விமானப்படை விமானங்களில் வந்து சேர்ந்தார்கள். சவுதி 2017இலும், குவைத் 2018இலும், அமீரகம் 2018இலும் 2024இலும் பொதுமன்னிப்பு அறிவித்தபோது, நம் தூதரகங்கள் தனிக் கவுன்ட்டர் திறந்து அவுட்பாஸ் கொடுத்தன. கெடு தேதி இருந்ததால் வேலை நடந்தது. தனியாக வந்து நிற்கும் ஒருவருக்கு எந்தக் கெடுவும் கிடையாது. அந்தக் கெடுவைத்தான் நாம் விதியில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். விரல்பதிவு இருந்தால் ஒரு நாள், இல்லாவிட்டால் பதினைந்து நாள், அதற்குள் ஊர் விசாரணை அறிக்கை வராவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் காரணத்தை எழுத வேண்டும் என்று இருக்கட்டும்.

பணமும் இருக்கிறது. இந்தியச் சமுதாய நல நிதி 2009இல் உருவானது. தூதரகச் சேவைக் கட்டணங்களோடு சேர்த்து வசூலிக்கும் சிறு தொகைதான் அதன் ஊற்று. பெரும்பாலும் தொழிலாளர்களே கட்டிய பணம். இக்கட்டில் இருப்பவருக்குத் தங்குமிடம், விமான டிக்கெட், வழக்கறிஞர், சிறு அபராதங்கள் ஆகியவற்றுக்குச் செலவிட 2017இன் திருத்தப்பட்ட நெறிமுறைகள் இடம் கொடுக்கின்றன. இது தெரியாமல் அவுட்பாஸ் கட்டணத்துக்கே அறைத் தோழர்களிடம் கையேந்துகிறவர்கள் இருக்கிறார்கள். தூதரகக் கவுன்ட்டருக்கு மேலே தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஒரு பலகை எழுதி மாட்டினால் போதும். அதற்கு என்ன செலவாகும்?

தமிழ்நாடு அரசுக்கு இதில் பெரிய வேலை இருக்கிறது. அயலகத் தமிழர் நலனுக்குத் தனித் துறை, நல வாரியம், ஜனவரி 12இல் விழா எல்லாம் இருக்கின்றன. விழாவில் குறையொன்றுமில்லை, அயலகத்தில் சாதித்தவர்களை அழைத்துப் பெருமைப்படுத்தட்டும். ஆனால் சரிபார்ப்புக் கடிதம் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்து அதைப் பின்தொடர அந்தத் துறையில் ஓர் ஆள் வேண்டும். மீனவர்களுக்கு மீன்வளத் துறை செய்வதைத் தொழிலாளிக்கு அயலகத் துறை செய்யலாம். குடும்ப அட்டை எண்ணை வைத்து ஒருவரின் முழுக் குடும்பத்தையும் நொடியில் காட்டும் தரவு மாநிலத்திடம் இருக்கிறது. அதிலிருந்து 'இவர் எங்கள் மாவட்டத்துக்காரர்' என்று ஓர் அதிகாரி கையெழுத்திட்டுத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பவும், அதைத் தூதரகம் சரிபார்ப்பாக ஏற்கவும் மத்திய வெளியுறவுத் துறையோடு ஓர் உடன்பாடு போதும். மஞ்சள் பைப் பெண்மணிக்குக் காவல் நிலையப் படி மிச்சமாகும்.

வெளியேறும் பாதிக்கு வருவோம். அங்கே நம் பிடி தளர்வுதான் என்றாலும் பிடியே இல்லை என்பதல்ல. வளைகுடா நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அவை புதுப்பிக்கப்படும்போதெல்லாம், அவுட்பாஸ் உள்ளவருக்குக் குற்ற வழக்கு இல்லையென்றால் குறிப்பிட்ட நாட்களுக்குள் எக்சிட் என்ற ஒரு வரியைக் கேட்கலாம். பொதுமன்னிப்பு வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திரு என்று சொல்வது ஒரு கொள்கையாக இருக்க முடியாது. கபீல் பாஸ்போர்ட்டைக் கொடுக்க மறுத்தால், இந்திய அரசின் சொத்தைத் திருப்பிக் கொடு என்று தூதரகமே எழுத்தில் கேட்க வேண்டும். இன்றைக்குத் தொழிலாளியை அனுப்பிக் கேட்டுவரச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. யாரிடமிருந்து தப்பி வந்தாரோ அவரிடமே மறுபடி போய் நிற்கச் சொல்வது என்ன நியாயம்?

தப்பித்தவறி ஊர் வந்து சேர்ந்த பிறகும் அவுட்பாஸ் அவரை விடுவதில்லை. புதுப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அவசரச் சான்றிதழில் இந்தியா திரும்பியதுண்டா, நாடு கடத்தப்பட்டதுண்டா, திருப்பி அனுப்பப்பட்டதுண்டா என்று ஒரே மூச்சில் கேட்டு, சான்றிதழ் எண், கொடுத்த இடம், காரணம் எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறது. அரசே கொடுத்த ஆவணத்தில் வந்தவரும் குற்றம் செய்து விரட்டப்பட்டவரும் ஒரே வரிசையில். இந்த விவரம் அரசின் கணினியில் ஏற்கெனவே இருப்பதுதான். அப்படியும் வேண்டுமென்றால் தனிக் கேள்வியாகக் கேட்கட்டும்.

மறுபடி பாஸ்போர்ட் கேட்கும் காரணங்களாக அதே விண்ணப்பம் தருபவை: காலாவதியானது, பக்கம் தீர்ந்தது, விவர மாற்றம், சேதமடைந்தது, தொலைந்தது. முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டார் என்பதற்குக் கட்டம் இல்லை. ஆகவே தான் தொலைக்கவே இல்லாத பாஸ்போர்ட்டைத் 'தொலைத்ததாக' அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கான கட்டணம் 36 பக்கப் புத்தகத்துக்கு 3,000 ரூபாய். சாதாரணமாகப் புதுப்பிப்பவருக்கு 1,500 ரூபாய்தான். இன்னொரு கட்டத்தைச் சேர்த்து, அதைத் தேர்ந்தெடுப்பவரிடம் 1,500 மட்டும் வாங்கி, அந்த முதலாளியின் பெயரையும் கம்பெனியையும் எழுதச் சொல்லி, அந்த விவரம் தானாகவே தூதரகத்துக்கும், வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பதைப் பதியும் அரசின் இ-மைக்ரேட் தளத்துக்கும் போகும்படி செய்யலாம். தூதரகத்தின் முன்அனுமதி இல்லாமல் இந்தியர்களை வேலைக்கு எடுக்க முடியாத முதலாளிகளின் பட்டியல் ஒன்று அந்தத் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்தவர்களின் பெயர்கள் அதில் ஏறட்டும்.